என் எண்ணும் மச்சானின் எண்ணும்

மச்சானை அந்த ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனது நான்தான். மட்டாஞ்சேரியில் எங்கள் வியாபாரிகள் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருத்துவ முகாம் நடத்தியது. ஐம்பது வயது தாண்டிய ஆண்களுக்குச் சர்க்கரை, கொழுப்பு, அதோடு பி.எஸ்.ஏ. என்று ஒரு பரிசோதனை. புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு என்றார்கள். அப்படி ஒரு சுரப்பி தங்களுக்குள் இருப்பதே அங்கே வரிசையில் நின்ற பலருக்குத் தெரியாது. எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும்.

மச்சான் என் அக்காவின் கணவர். தோப்பும்படியில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். என்னைவிட மூத்தவர். ஆனால் இருவரும் சேர்ந்து நின்றால் பார்க்கிறவர்கள் என்னைத்தான் மூத்தவன் என்பார்கள். அவர் தலைமுடி அப்படி. அறுபது தாண்டியும் நெற்றி ஏறவில்லை. பட்டறையில் கிரீஸ் கையைக் கழுவித் துடைத்ததும் அவர் முதலில் எடுப்பது சீப்பைத்தான்.

"ஒண்ணும் இல்லாத உடம்புல எதுக்கு மாப்ளே ஊசி குத்தணும்?" என்றார்.

"ஒண்ணும் இல்லேன்னு தெரிஞ்சுக்கத்தான்" என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ரத்தம் எடுத்த நர்சிடம் தன் நரம்பு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று பெருமை அடித்துக்கொண்டார். இருவரும் சாயா குடித்துவிட்டுப் பிரிந்தோம்.

முடிவு கைபேசியில் வந்தபோது நான் கிடங்கில் இருந்தேன். மிளகு வாங்கி விற்கும் நிறுவனம் ஒன்றில் தரம் பார்ப்பது என் வேலை. மூட்டைகளுக்கு நடுவில் நின்றபடி திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மற்றதெல்லாம் சாதாரண எழுத்தில் இருந்தது. பி.எஸ்.ஏ. மட்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியோடு. நாலு வரை இருக்கலாமாம். எனக்கு ஒன்பதுக்கு மேல்.

அதே நேரத்தில் மச்சானிடமிருந்து ஒரு குரல் செய்தி. "மாப்ளே, நான் பாஸ். ரெண்டு புள்ளி ஒன்பது. உனக்கு எத்தனை?"

கைபேசியைச் சட்டைப் பையில் போட்டேன். ஒரு பிடி மிளகை அள்ளி முகர்ந்து பார்த்தேன். முப்பது வருடத்துக்கு மேல் பழகிய மூக்கு. அன்று ஒரு வாசனையும் ஏறவில்லை. பயம் இப்படியும் வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

நான் பதில் அனுப்பாததிலிருந்தே மச்சான் புரிந்துகொண்டார். பட்டறையை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். கைபேசியை வாங்கிப் பார்த்தார். அவருக்கும் அதில் அந்த நட்சத்திரத்தைத் தவிர வேறொன்றும் புரியவில்லை. ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"ஒரு நம்பர்தானே. டாக்டர்கிட்ட கேப்போம். நான் கூட வரேன்."

"உங்களுக்கு வேலை இல்லையா?"

"வேலை எங்கயும் போயிடாது."

அப்படித்தான் அவர் என்னோடு வந்தார். எண் சரியாக இருந்தவர், எண் கெட்டுப்போனவனுக்குத் துணையாக.

மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகேறி எறணாகுளம் போனோம். சிறுநீரக டாக்டர் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்களே தவிர, அது ஒரு பெண் என்று யாரும் சொல்லவில்லை. முப்பத்தைந்து வயது இருக்கும். கதவைத் திறந்ததும் மச்சான் என் பின்னால் ஒரு அடி வைத்துவிட்டார். டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரச் சொல்லி, என் கைபேசியைப் பார்த்துவிட்டு, எடுத்த எடுப்பிலேயே மலையாளத்தில் "பேடிக்கேண்டா சேட்டா" என்றார். பயப்பட வேண்டாம் அண்ணா என்று. பிறகு கேள்விகள் கேட்க ஆரம்பித்தார். முகாமுக்கு முந்தின வாரம் காய்ச்சல் இருந்ததா? சிறுநீர் போகும்போது எரிச்சல்? சைக்கிள் ஓட்டுவதுண்டா?

எரிச்சல் இருந்தது. நீர் குறைவாகக் குடித்ததால் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. சொன்னேன்.

"அதுவே போதும், இந்த எண் ஏறுறதுக்கு" என்றார். "இது புற்றுநோயோட எண் இல்ல சேட்டா. அந்தச் சுரப்பி செய்ற ஒரு புரதத்தோட எண். எல்லா ஆம்பிளைக்கும் உண்டு. அதுல கொஞ்சம் ரத்தத்துல கசியும். சுரப்பி வீங்கினாலும் கசியும், கிருமி வந்தாலும் கசியும், வயசானாலும் கசியும். புற்றுநோய் வந்தாலும் கசியும். எதனால கசியுதுன்னு அந்த எண்ணுக்குத் தெரியாது."

"அப்போ பரிசோதனை தப்பா?" என்று மச்சான் கேட்டார்.

"தப்பில்ல. ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு கேட்டா ரொம்ப சரியாச் சொல்லும். நாம அதுகிட்ட புற்றுநோய் இருக்கான்னு கேக்கிறோம்."

எவ்வளவு கசியும் என்று கேட்டேன். தொழில் புத்தி. டாக்டர் சிரித்துவிட்டு, ஒரு கிராமை நூறு கோடி பங்காகப் பிரிக்கச் சொன்னார். அதில் ஒன்பது பங்கு, ஒரு மில்லி ரத்தத்தில்.

நான் காலம் முழுக்க எடை பார்த்தவன். டன்னிலிருந்து கிராம்வரை தராசு பார்த்திருக்கிறேன். ஒரு மிளகை உள்ளங்கையில் வைத்தால் அதன் கனம் எனக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைப்பேன். ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு என்பதை மனதில் கொண்டுவரப் பார்த்தேன். முடியவில்லை. என் பயத்தையும் மீறி எனக்குள் ஏதோ எழுந்தது. என் வயிற்றுக்குக் கீழே, நெல்லிக்காயைவிடச் சற்றே பெரிய ஒன்று, நான் கேட்காமலே இதைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. அதன் தூசியிலும் தூசி ரத்தத்தில் சுற்றிக்கொண்டு என் கைமடிப்புவரை வந்திருக்கிறது. அதை யாரோ ஒருவர் அளந்தும் விட்டார். அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது கோயில் கர்ப்பக்கிரகத்துக்கு முன்னால் நிற்பதைப் போல இருந்தது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் அப்படித்தான் இருந்தது.

டாக்டர் மச்சான் பக்கம் திரும்பினார். "நீங்களும் பார்த்தீங்களா?"

மச்சான் பெருமையோடு கைபேசியை நீட்டினார். டாக்டர் பார்த்தார். நல்ல எண் என்றார். கைபேசியைத் திருப்பிக் கொடுக்கப்போனவர் நிறுத்தினார்.

"வேற மாத்திரை எதாவது சாப்பிடறீங்களா?"

"பிரஷருக்கு ஒண்ணு."

"வேற?"

மச்சான் என்னைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். "முடிக்கு ஒண்ணு" என்றார், எனக்குக் கேட்காத குரலில். எனக்குக் கேட்டது.

டாக்டர் முகத்தில் சிரிப்பு வரவில்லை. மாத்திரையின் பெயரைக் கேட்டார். எத்தனை வருடமாக என்று கேட்டார். பல வருடமாக, தினமும் ஒன்று. பிறகு பேனாவால் மேசையில் மெல்லத் தட்டியபடி சொன்னார்: "முகாம்ல இதை யாரும் கேக்கல இல்லையா? இந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு அந்த எண் ஏறக்குறைய பாதியாத் தெரியும். உங்க ரெண்டு புள்ளி ஒன்பதை ரெண்டு மடங்காத்தான் வாசிக்கணும்."

ஆறு என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். மச்சானும் போட்டிருப்பார்.

இருவரையும் ஒருவர் பின் ஒருவராகத் திரைக்குப் பின்னால் படுக்கவைத்து, கையுறை போட்ட விரலால் சோதித்தார். அந்தச் சோதனை எப்படி என்று தெரிந்தவர்களுக்கு விளக்கவேண்டாம். மகள் வயதுப் பெண்ணின் முன்னால் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என் சுரப்பி பெரிதாக, மிருதுவாக இருக்கிறது என்றார். வயதுக்கு அது வழக்கம்தான்.

மச்சான் விஷயத்தில் சற்று நேரம் எடுத்தது. வெளியே வந்து கையைக் கழுவியபடி டாக்டர் சொன்னார், "இடது பக்கம் ஒரு இடம் கெட்டியா இருக்கு. ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்போம்."

எனக்குக் கிருமிக்கு மருந்து எழுதிக்கொடுத்து, ஒன்றரை மாதம் கழித்துத் திரும்ப ரத்தம் பார்க்கச் சொன்னார். நோயாளியாகப் போனவன் மருந்துச் சீட்டோடும், துணைக்கு வந்தவர் ஸ்கேன் சீட்டோடும் வெளியே வந்தோம்.

திரும்பும் படகில் மச்சான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வில்லிங்டன் தீவு தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"மாப்ளே, உங்க அக்காகிட்ட ஸ்கேன் விஷயத்தை நானே சொல்லிக்கறேன். முடி விஷயம் மட்டும் வேண்டாம்."

"சொல்லமாட்டேன்."

"சிரிக்காதே."

"சிரிக்கல மச்சான்." உண்மையிலேயே சிரிக்கவில்லை. அந்த டாக்டர் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். கைபேசியைத் திருப்பிக் கொடுக்கப் போன கை, ஏன் நின்றது? எத்தனையோ பேரைப் பார்த்து வந்த பழக்கமா, அல்லது அறுபது வயதில் அப்படி ஒரு தலைமுடியைக் கண்ட சந்தேகமா? பிற்பாடு ஒருமுறை அவரிடமே கேட்டேன். ஞாபகம் இல்லை என்றார்.

ஒன்றரை மாதத்தில் என் எண் மூன்றுக்கு வந்துவிட்டது. என்னைத் தூங்கவிடாமல் செய்த அந்த நட்சத்திரம், ஒரு வாரக் கிருமியின் வேலை. வீட்டில் என் மனைவி சாமிக்கு விளக்கேற்றினாள். எனக்குச் சந்தோஷப்படக் கூச்சமாக இருந்தது. ஏனென்றால் அதே நாட்களில் மச்சானின் எம்.ஆர்.ஐ. படத்தில், டாக்டரின் விரல் சொன்ன அதே இடத்தில், ஒரு கரும்புள்ளி இருந்தது.

அடுத்து ஊசி போட்டுச் சதை எடுக்கவேண்டும். டாக்டர் அதை விளக்கியபோது மச்சானைவிட எனக்குத்தான் சுலபமாகப் புரிந்தது. மூட்டையில் குத்தூசியைச் செருகி நாலைந்து இடத்தில் மிளகை உருவிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஊசி படாத இடத்தில் பூஞ்சை இருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். டாக்டரும் அதையே சொன்னார்: ஊசியும் தவறவிடலாம், அதனால்தான் புள்ளியைக் குறிவைத்தும் எடுப்போம், சுற்றிலும் எடுப்போம்.

நான் வெளியே காத்திருந்தேன். ஒவ்வொரு முறை ஊசி இறங்கும்போதும் ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி 'டக்' என்று சத்தம் வந்ததாக மச்சான் பிறகு சொன்னார். "வலியைவிட அந்தச் சத்தம்தான் மாப்ளே. அடுத்தது எப்போன்னு உடம்பு காத்துக்கிட்டே இருக்கு." இரண்டு மூன்று நாள் சிறுநீரில் ரத்தம் வந்தது. அக்கா பயந்து எனக்குப் போன் செய்தாள். அது வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் நான் தைரியம் சொல்ல முடிந்தது.

முடிவு: புற்றுநோய்.

டாக்டர் அந்தச் சொல்லைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் கை என் முழங்கையைப் பிடித்தது. டாக்டர் உடனே தொடர்ந்தார். இதில் பல தரம் உண்டு, இது இருப்பதிலேயே மெதுவான தரம். ஆபரேஷன் செய்யலாம். கதிர்வீச்சு கொடுக்கலாம். அல்லது ஒன்றும் செய்யாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து, அவ்வப்போது ஸ்கேனும் ஊசியும் செய்து, கண்காணித்துக்கொண்டே இருக்கலாம். ஆபரேஷன் செய்தால் சிறுநீர் அடக்குவதில் சிரமம் வரலாம், தாம்பத்தியத்திலும் சிரமம் வரலாம். வயதான ஆண்கள் எத்தனையோ பேர் இப்படி ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டே, அது தெரியாமலே வாழ்ந்து, வேறு எதனாலோ காலமாகிறார்கள்.

"அப்போ இதைக் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாமோ?" என்று மச்சான் கேட்டார்.

டாக்டர் சற்று யோசித்தார். "உங்க விஷயத்துல, இருந்திருக்கலாம். ஆனா இதே மாதிரி ஒரு எண்ணோட வந்த இன்னொருத்தருக்கு, வேகமா ஓடுற தரமா இருந்திருக்கலாம். உள்ள போய்ப் பார்க்காம யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது."

எனக்கும் தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அது என்னைப் பயமுறுத்தும் என்று நினைத்திருப்பேன். மாறாக, அதற்குப் பிறகுதான் அவர் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

அக்காவுக்கு அப்படி இல்லை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். "அதை எடுத்துப் போடச் சொல்லுங்க. உள்ள வச்சுக்கிட்டு எப்படி நான் தூங்கறது?" துபாயிலிருந்து அவள் மகளும் வீடியோ அழைப்பில் அதையே சொன்னாள். மச்சான் பல வாரம் ஒரு முடிவும் எடுக்கவில்லை. பட்டறைக்குப் போவார், வருவார். ஒரு மத்தியானம் நான் போனபோது ஒரு எஞ்சினுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. டீசல் புகை என்றார். எஞ்சின் ஓடவில்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மச்சான் தானாகவே பேசினார்.

"எஞ்சின்ல ஒரு புதுச் சத்தம் வந்தா உடனே கழற்றிப் போடுன்னு படகுக்காரன் சொல்லுவான். நான் மாட்டேன். ஓடவிட்டுக் கேப்பேன். சில சத்தம் அப்படியே இருக்கும், வருஷக்கணக்கா. சிலது மாறும். மாறினா அன்னிக்கே இறக்கிடுவேன்." கையைத் துணியில் துடைத்தார். "ஆனா மாப்ளே, இது எஞ்சின் இல்ல. நான்தான்."

அன்று மாலை நானும் கூடப் போனேன். சமையலறை வாசலில் நின்றபடி மச்சான் அக்காவிடம் சொன்னார், கண்காணிக்கும் வழியைத்தான் தேர்ந்தெடுப்பதாக. எண் மாறினால், தரம் மாறினால், அன்றைக்கே ஆபரேஷன். அக்கா கப்பைக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றார். "முடிக்கு ஒரு மாத்திரை சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். அதனாலதான் எண் குறைச்சலாக் காட்டிச்சு. அதையும் நிறுத்திட்டேன். இனிமே எண் நேராச் சொல்லட்டும்."

"தெரியும்" என்றாள் அக்கா.

"என்ன தெரியும்?"

"அலமாரியில அட்டையைப் பார்த்தேன். மருந்துக்கடையில காட்டிக் கேட்டேன். அது ஆச்சு ஏழெட்டு வருஷம்." மறுபடி கத்தி ஓட ஆரம்பித்தது. "முடிக்குத்தானே, வேற எதுக்கும் இல்லையேன்னு விட்டுட்டேன்."

பிறகு அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆறு மாசத்துக்கு ஒருதரம் நானும் கூட வருவேன். டாக்டர் சொல்றதை நான் என் காதால கேக்கணும்" என்றாள். அவள் சம்மதித்தது அப்படித்தான்.

இப்படியும் ஒருவர் வாழ முடியும் என்பதை அதற்குப் பிறகு நான் கண்ணால் பார்த்தேன். மச்சான் தினமும் பட்டறைக்குப் போனார். வைப்பின் தீவுத் துறையில் எஞ்சின் நின்றுபோன படகுக்கு ஆள் கேட்டு வந்தால், கருவிப் பையோடு ஜங்கார் படகேறிப் போனார். தலையில் முடி மெல்ல விடைபெற்றுக்கொண்டிருந்தது. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய வாரமும் சாப்பாடு குறையும், பேச்சு குறையும். எண் வந்ததும் திரும்பிவிடும். மாத்திரையை நிறுத்தியபின் எண் டாக்டர் சொன்னபடியே ஆறுக்குப் பக்கம் ஏறி, அங்கேயே நின்றது. தனக்குள் புற்றுநோய் இருக்கிறது என்று தெரிந்த ஒருவர், மீன் குழம்பில் புளி கூடிவிட்டது என்று குறை சொல்வதை நான் பிரமிப்போடு பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த நிமிடம்வரை அவர் அப்படித்தான் இருக்கிறார். ஆபரேஷன் தேவைப்படவில்லை. தேவைப்படாமலே போகலாம், நாளைக்கே தேவைப்படவும் செய்யலாம்.

முதல் ஊசிக்கு ஒரு வருடம் கழித்து மறுபடியும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். அதே தரம், அதே அளவு. அக்கா கண்ணை மூடிக் கைகூப்பினாள். எழுந்திருக்கும்போது மச்சான் டாக்டரிடம் ஒன்று கேட்டார்.

"அதை நான் பார்க்க முடியுமா?"

"ரிப்போர்ட்டா?"

"இல்ல. அதை."

இப்படி யாரும் கேட்டதில்லை என்றார் டாக்டர். ஆனால் போன் எடுத்துப் பேசினார். எங்களைக் கீழ்த்தளத்தில் சதைத் துணுக்குகளைப் பார்க்கும் ஆய்வகத்துக்கு அனுப்பினார். அங்கே நரைத்த மீசையோடு ஒரு டாக்டர், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கும்படியான மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்திருந்தார். அக்கா வரமாட்டேன் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

மச்சான் குனிந்து கண்ணை வைத்தார்.

"பெரிசா, ஓரமெல்லாம் சுருக்கு வச்ச மாதிரி இருக்கே, அது நல்ல சுரப்பி" என்று அந்த டாக்டர் விளக்கினார். "பக்கத்துல சின்னச் சின்ன வட்டமா, நெருக்கமா நிக்குதே, அதுதான்."

"இதுவா?" என்றார் மச்சான். குரல் தாழ்ந்திருந்தது. "எப்போ வந்திருக்கும் டாக்டர்?"

"சொல்ல முடியாது. பத்து வருஷமாகூட இருக்கலாம்."

"அப்போ என் மகள் கல்யாணத்துல இதுவும் இருந்திருக்கு."

மச்சான் விலகி எனக்கு இடம் விட்டார். "நீயும் பாரு மாப்ளே."

நான் குனிந்தேன். அப்படி இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. கருப்பாக, அழுகலாக ஏதோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒளி ஊடுருவும் இளஞ்சிவப்பு. அதில் ஊதா நிறத்தில் வரிவரியாகப் புள்ளிகள். சுருக்கு வைத்த பெரிய வளையங்கள், அவற்றுக்கு நடுவே நுழைந்துகொண்ட சின்ன வட்டங்கள். இரண்டும் ஒரே ஆளின் உடம்பு. எது நல்லது, எது கெட்டது என்று அந்த டாக்டர் சொல்லியிராவிட்டால் இரண்டையும் ஒரே மாதிரி அழகு என்றுதான் சொல்லியிருப்பேன். இந்தச் சின்ன வட்டங்களிலிருந்து கசிந்த தூசியும், அந்தப் பெரிய வளையங்களிலிருந்து கசிந்த தூசியும் ஒன்றாகக் கலந்து ஒரே எண்ணாகி வந்திருக்கின்றன. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை பேர் இந்த இடம்வரை வழி தேடி வந்திருக்கிறார்கள்.

நான் நிமிர்ந்ததும் டாக்டர் அந்தக் கண்ணாடித் துண்டை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, அடுத்ததை மாட்டினார். அது வேறு யாருடையதோ. அந்த மனிதர் இந்நேரம் ஏதோ ஒரு கடையில் சாயா குடித்துக்கொண்டு, முடிவுக்காகக் காத்திருப்பார். டாக்டர் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். நாங்கள் சத்தம் செய்யாமல் வெளியே வந்தோம்.